செட்யூஸ் எங்கே போயிற்று?

"செட்யூஸ் எங்கே? வந்து பாருங்கள். செவ்வாய், 3 மணி. – கோ." மஞ்சள் ஒட்டுத்தாளில் பென்சிலால் ஆங்கிலத்தில் எழுதியது. அதன் கீழே நீல மையில்: "போய்விட்டது. வந்து சொல்கிறேன்." கீழே இருப்பது என் கையெழுத்து.

சென்ற மாதம் இதைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பியவர் வசந்தி. ஜாலான் புசாரில், ஓர் இரும்புச் சாமான் கடையின் மேல்மாடியில் இருந்த எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர். அலுவலகம் இடம் மாறுகிறது. புதிய இடம் என்பது அவரவர் வீடுதான். என் பழைய மேசையை நகர்த்தியபோது இழுப்பறையின் அடியில் இந்தத் தாள் ஒட்டிக்கொண்டிருந்ததாம். "சார், புதுசா வந்த பிள்ளைங்க இது லவ் லெட்டரான்னு கேக்குறாங்க. நீங்களே எழுதிக் குடுத்துடுங்க, இல்லேன்னா அவங்களா ஒரு கதை கட்டிடுவாங்க" என்று கூடவே ஒரு செய்தி. அதனால் எழுதுகிறேன்.

முதலில் தேதி. தாளில் கிழமை இருக்கிறது, மணி இருக்கிறது, ஆண்டு இல்லை. எங்கள் முதலாளி மிஸஸ் கோ ஆண்டு எழுதவே மாட்டார். "ஆண்டுதான் எல்லாருக்கும் தெரியுமே" என்பார். என் போன்ற தேதிப் பித்தர்களுக்கு அவர் செய்த ஒரே தீங்கு அதுதான். ஆனால் தாளின் மூலையில் ஓர் எண்ணெய்க் கறை இருக்கிறது. பைனாப்பிள் டார்ட் என்னும் அன்னாசிப் பலகாரத்தின் கறை. அந்த டப்பாக்கள் சீனப் புத்தாண்டை ஒட்டித்தான் அவர் மேசைக்கு வரும். அந்த வாரம் சிராங்கூன் சாலையில் பொங்கல் விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. ஆகவே சனவரிப் பிற்பகுதி. நான் ஓய்வு பெறுவதற்கு ஓரிரு ஆண்டுகளுக்கு முன். இதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. எனக்கே அது வருத்தம்தான்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பள்ளியில் சில ஆண்டுகள் பாடம் நடத்தினேன், பத்திரிகையில் சில ஆண்டுகள் பிழை திருத்தினேன், இரண்டிலும் தேறாதவர்கள் வந்து சேரும் இடத்துக்கு வந்து சேர்ந்தேன். மொழிபெயர்ப்பை மிஸஸ் கோவிடம்தான் கற்றேன். அவருக்கோ தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

அதற்கும் அவர் ஒரு வழி வைத்திருந்தார். நான் ஆங்கிலத்தைத் தமிழாக்குவேன். என் தமிழ் மட்டும் வசந்தியிடம் போகும். மூல ஆங்கிலத்தை அவர் பார்க்கக் கூடாது. அந்தத் தமிழை அவர் மீண்டும் ஆங்கிலமாக்கித் தருவார். நாங்கள் இதை 'பேக்' என்போம். மிஸஸ் கோ மூலத்தை இடப்பக்கமும் பேக்கை வலப்பக்கமும் வைத்துக்கொண்டு, பென்சிலை நடுவில் பாலம்போல் நீட்டி, வரி வரியாக இறங்குவார். இரண்டும் ஒத்துப்போனால் தமிழ் நல்ல தமிழ். போகாவிட்டால் மஞ்சள் தாள்.

அவர் திட்ட மாட்டார், டார்ட் கொடுப்பார். சிறு பிழை என்றால் திறந்த டப்பாவிலிருந்து ஒன்று. புது டப்பாவின் ஒட்டுநாடாவை நகத்தால் நெருட ஆரம்பித்தாரானால், கதவருகில் உட்கார்ந்துகொள்வது நல்லது. சீனப் புத்தாண்டு இல்லாத மாதங்களில் வெறும் பிஸ்கட். கொள்கை ஒன்றுதான்.

இனி அந்தச் சொல். 'செட்யூஸ்' ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் கெட்ட பெயரெடுத்த சொல். ஒருத்தனையோ ஒருத்தியையோ வழிதவறச் செய்வதற்கு மட்டும் அதைக் கூப்பிடுவார்கள். நான் வேலைக்கு வந்தபோது அது குளித்து, சட்டை மாற்றி, கடைத்தெருவுக்கே வந்துவிட்டது. சாக்லேட் நாக்கை செட்யூஸ் செய்தது. கொண்டோ குடியிருப்பின் இருபதாம் மாடிக் காட்சி வாங்குபவரை செட்யூஸ் செய்தது. ஒரு சோபாகூடச் செய்தது. கட்டுரையாளர்கள் தங்களுக்குப் பிடிக்காத கருத்தை 'செடக்டிவ்' என்றார்கள். அழகாக இருக்கிறது, நம்பிவிடாதே என்று பொருள்.

தமிழில் இவர்கள் எல்லாரையும் ஒரே வீட்டில் குடிவைக்க முடியாது. சாக்லேட் சுண்டி இழுக்கும். காட்சி மனத்தைக் கொள்ளை கொள்ளும். கருத்து கவரும். சோபா சொக்க வைக்கும். கெட்டவன் ஆசை காட்டுவான். மருமகள் மயக்குவாள்.

மருமகளை நான் சேர்க்கவில்லை, கிளமெண்டியிலிருந்து வந்த ஓர் அம்மா சேர்த்தார். அவருடைய மருமகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஆகவே தன் மனக்குறையை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்.

"எழுதுங்க சார். என் பையன மயக்கிட்டா."

"என்னம்மா செஞ்சாங்க?"

"என்ன செஞ்சாளா? அவ வச்ச மீன் குழம்ப, 'அம்மா, நீங்களும் இந்த மாதிரி வைங்களேன்'னு என்கிட்டயே சொல்றான் சார்!"

மிஸஸ் கோ எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டார். மருமகள் செட்யூஸ் செய்துவிட்டாளாம் என்றேன். "யாரை?" "அவள் கணவரை." மிஸஸ் கோ கொஞ்சம் யோசித்தார். "அப்படியானால் இது பாராட்டுக் கடிதமா?" அவர் பேசியதை எல்லாம் நான் தமிழில்தான் தருகிறேன். வாக்கிய முடிவில் அவர் போடும் 'லா'வை மட்டும் அப்படியே விடுவேன். அதற்கு எந்த மொழியிலும் பெயர்ப்பு கிடையாது.

மஞ்சள் தாள் பிறந்தது இவற்றால் அல்ல, ஒரு துண்டுப்பிரசுரத்தால். வெளிநாட்டு ஊழியர்களின் தங்குவிடுதிகளில் கொடுப்பதற்காக ஓர் அமைப்பு அதைத் தயாரித்தது. வேறு நாட்டில் வேலை என்று சொல்லி, இங்கிருக்கும் வேலையை விட வைத்து ஏமாற்றும் பேர்வழிகள் பற்றிய எச்சரிக்கை. தலைப்பு ஆங்கிலத்தில், "செட்யூஸ் ஆகிவிடாதீர்கள்" என்ற பொருளில் இருந்தது. நான் அதை "ஆசை வார்த்தைகளில் மயங்காதீர்!" என்று போட்டேன். நன்றாக இருக்கிறது என்று எனக்கே தோன்றியது. வசந்தியின் பேக்கிலும் 'செட்யூஸ்' பத்திரமாகத் திரும்பி வந்தது. மிஸஸ் கோவின் பென்சில் நிற்காமல் இறங்கிவிட்டது.

ஆனால் அவரிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. பொதுமக்களுக்கான தாள் எதுவானாலும், அதைக் கையில் வாங்கப் போகிறவர்கள் சிலரிடம் முதலில் படிக்கக் கொடுக்க வேண்டும். எதற்கென்று சொல்லக் கூடாது. தேநீர் அலுவலகக் கணக்கு. ஆகவே ஞாயிறு மாலை, ஊழியர்கள் கூடும் தேக்காவுக்கு நான் போனேன்.

முதலில் கிடைத்தவர் பெருமாள். கப்பல் பட்டறையில் வெல்டர், நடுவயது. தாளை ஒரு முறை படித்து, "நல்லாருக்கு அண்ணே" என்றார். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், அது மரியாதை. தேநீரை முடித்துவிட்டு எழுந்தவர், நின்றபடியே ஒன்று சொன்னார்.

"என்கிட்டயும் ஒருத்தன் இப்படிப் பேசினான் அண்ணே, ரொம்ப வருசம் முன்னாடி. 'யார்கிட்டயும் சொல்லாதீங்க, கண்ணு பட்டுடும், விசா கைக்கு வரட்டும்'னான். நானும் பொண்டாட்டிகிட்ட கூடச் சொல்லல. வேலைய விட்டுட்டு ஊர்ல உக்காந்தப்பதான் எல்லாருக்கும் தெரிஞ்சுது."

சொல்லிவிட்டு, தூரத்து மேசையில் பரோட்டா பிய்த்துக்கொண்டிருந்த ஓர் இளைஞரைக் காட்டினார். "அவன் எங்க யார்டுதான். செல்வராசு. நல்லா ஏத்த எறக்கத்தோட படிப்பான், அவன்கிட்ட குடுங்க." பிறகு பேருந்துக்குப் போய்விட்டார்.

செல்வராசு சாரம் கட்டுபவர். அறந்தாங்கிப் பக்கம். பெருமாள் சொன்னது சரிதான், மேடைப் பேச்சுப்போலப் படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார்.

"பயங்கரமா இருக்கு அண்ணே. ஆனா இது ஏமாறுறவனுக்குத்தான? நமக்கில்ல."

"உங்களுக்கு ஏன் இல்ல?"

சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்ட சொன்னா என்ன, நீங்க ஊர்க்காரர் இல்ல, யார்டு ஆளும் இல்ல. போலந்துல சூப்பர்வைசர் வேல வந்திருக்கு. கிடங்கு, முழுக்க ஏசி. நாளைக்கு இங்க பேப்பர் போடுறேன்."

பேப்பர் போடுவது என்றால் வேலையை விடுவதாக எழுதிக் கொடுப்பது. கொடுத்தால் வேலை பெர்மிட் ரத்தாகும், ஊருக்குப் போயாக வேண்டும். போலந்து வராவிட்டால் திரும்பி வர இடம் இருக்காது. கையில் என் துண்டுப்பிரசுரத்தை வைத்துக்கொண்டுதான் இதைச் சொன்னார்.

அப்போது அவர் கைப்பேசி அடித்தது. ஒரு கையில் என் தாள், மறு கை விரலெல்லாம் சால்னா. முழங்கையால் தட்டி ஒலிபெருக்கியில் போட்டார். பேசியவர் பெயர் ரவி. நான் இதுவரை கேட்டதிலேயே இனிமையான குரல் அது.

"என்ன செல்வா, சாப்டியாப்பா? அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு? தைலம் தேய்ச்சாங்களா? சரி, அந்த விசயம். வேணாம்னா விட்டுரு. நான் கட்டாயப்படுத்தல. இன்னொரு பையன் தெனமும் போன் பண்றான், நான்தான் இது செல்வாவுக்குன்னு வச்சிருக்கேன்னு சொல்லிட்டேன். நீ அங்க பேப்பர் போட்டாத்தான் இங்க ஃபைல் நகரும், அவ்வளவுதான். யோசிச்சு சொல்லு. நல்லா சாப்பிடு."

பேச்சு முடிந்தது. செல்வராசு வெற்றி பெற்றவரைப்போல என்னைப் பார்த்தார்.

"பாத்தீங்களா? ஏமாத்துறவன் 'வேணாம்னா விட்டுரு'ன்னு சொல்லுவானா?"

நான் என் தாளைப் பார்த்தேன். 'ஆசை வார்த்தைகளில் மயங்காதீர்.' அந்த மனிதர் ஓர் ஆசை வார்த்தைகூடப் பேசவில்லை. சம்பளம் பற்றிச் சொல்லவில்லை, ஏசி பற்றிச் சொல்லவில்லை. விசாரித்தார், விலகினார், காத்திருந்தார். இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருந்தால் இந்த வயதில் நானே போலந்துக்குக் கிளம்பியிருப்பேன்.

"ரவிய நேர்ல பாத்திருக்கீங்களா?"

"தெனமும் பேசுறாரே அண்ணே."

"வீட்ல மனைவி தெனமும் பேசுறாங்களா?"

"அவ எங்க பேசுறா, சண்டதான் போடுவா."

நான் வாதிட்டேன். ஒவ்வொரு வாதத்துக்கும் ரவி ஒரு படி உயர்ந்துகொண்டே போனார். ரவி அண்ணன், ரவி அண்ணாச்சி, கடைசியில் தெய்வம். மயங்கியவனிடம் போய் மயங்காதே என்று சொன்னால் பக்கத்தில் இருப்பவனைத்தான் திரும்பிப் பார்ப்பான். இது என் அலுவலகத்தில் யாரும் எனக்குச் சொல்லித் தராத விஷயம்.

கடைசியில் வாதத்தைக் கைவிட்டேன். "தம்பி, உங்கள மாதிரி இதை யாரும் படிக்கல. இன்னொரு தாள் எழுதப்போறேன், அதையும் நீங்கதான் படிக்கணும். வேணாம்னா பரவாயில்ல, வேற ஆளப் பாத்துக்கிறேன். ஆனா உங்களுக்குன்னு வச்சிருக்கேன். அடுத்த ஞாயிறு வரைக்கும் பேப்பர் போடாம இருங்க."

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். "சரி அண்ணே, ஒரு வாரம்தான."

பேருந்தில் ஏறிய பிறகுதான் யாருடைய வாக்கியங்களைப் பேசினேன் என்பது எனக்கு உறைத்தது.

மறுநாள் தலைப்பை அடித்து நீக்கினேன். உள்ளே இருந்த அறிவுரைகளையும் எடுத்துவிட்டேன். பக்கம் முழுக்கப் பேச்சை மட்டும் எழுதினேன்: "அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கு?" "வேணாம்னா விட்டுருப்பா." "உனக்குன்னுதான் வச்சிருக்கேன்." "நீ பேப்பர் போட்டாத்தான் ஃபைல் நகரும்." கடைசியாகப் பெருமாள் கொடுத்த வரி: "யார்கிட்டயும் சொல்லாத, கண்ணு பட்டுடும்." அதன் கீழே ஒரே ஒரு கேள்வி: "இதை உங்களிடம் யார் சொன்னார்கள்?"

தாள் வசந்தியிடம் போனது, பேக்காகத் திரும்பியது, மிஸஸ் கோவின் பென்சில் முதல் வரியிலேயே நின்றது. செவ்வாய்க்கிழமை மஞ்சள் தாள் வந்தது.

மூன்று மணிக்குப் போனேன். புது டப்பா. ஒட்டுநாடாவை நெருடிக்கொண்டிருந்தார். நான் கதவருகில் உட்கார்ந்தேன்.

"அமைப்பு அந்தச் சொல்லுக்காகத்தான் ஆறு முறை கூடிப் பேசியிருக்கிறது லா. நீங்கள் யாரோ ஒருவருடைய அம்மாவின் உடம்பை விசாரிக்கிறீர்கள். அப்புறம், இந்தக் கண் யாருடைய கண்?"

"எல்லாருடைய கண்ணும்" என்றேன். பிறகு செல்வராசுவின் கதையை முழுவதும் சொன்னேன். மிஸஸ் கோ டார்ட்டை எடுத்தார், கடிக்கவில்லை. எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினார். கீழே கடையில் யாரோ இரும்புக் குழாய் அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

"என் கணவரைத் தெரியுமா உங்களுக்கு?"

தெரியும். மாலையில் வண்டியோடு கீழே காத்திருப்பவர், வழுக்கை, சாந்தமானவர்.

"கல்யாணத்துக்கு முன் என் வீடு கிளமெண்டியில். ஒரு நாள் வேலை முடிந்து மழைக்கு நிற்கிறேன். இவர் வந்து, 'எனக்குக் கிளமெண்டி பக்கம் ஒரு வேலை இருக்கிறது, வேண்டுமானால் இறக்கிவிடுகிறேன், வேண்டாமென்றாலும் சரி' என்றார். அடுத்த நாளும் வேலை இருந்தது. மாதக் கணக்கில் கிளமெண்டியில் வேலை இருந்தது. இவர் வீடோ உட்லண்ட்ஸ்!" தீவின் ஒரு மூலைக்கு மறுமூலை. "என்ன வேலை என்று நான் கேட்கவே இல்லை. அந்த நேரத்தில் யாராவது வந்து 'செட்யூஸ் ஆகிவிடாதே' என்று சொல்லியிருந்தால், எனக்கு எப்படிப் புரியும் லா? நான் வெறுமனே வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன்."

டார்ட்டைக் கடித்தார். பிறகு தொலைபேசியை எடுத்து அந்த அமைப்பின் அலுவலரை அழைத்தார். அந்த உரையாடலை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். முதலில் அந்த அலுவலருடைய பிள்ளையின் தேர்வு எப்படிப் போனது என்று விசாரித்தார். பிறகு தமிழ்த் தாள் கொஞ்சம் வேறு மாதிரி வந்திருக்கிறது என்றார். பிடிக்காவிட்டால் பரவாயில்லை, பழையபடியே மாற்றித் தந்துவிடலாம், அவசரமே இல்லை என்றார். "இதே யோசனையை வேறோர் இடத்திலும் கேட்கிறார்கள். நான்தான், முதலில் உங்களுக்குக் காட்டாமல் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்."

வேறோர் இடம் எதுவும் கிடையாது. தொலைபேசியை வைத்ததும் என் பார்வையைக் கண்டுகொண்டார்.

"என்ன பார்க்கிறீர்கள்? டார்ட் எடுத்துக்கொள்ளுங்கள்."

புதிய தாள் ஏற்கப்பட்டது. ஆங்கிலத்திலும் தலைப்பை மாற்றிக்கொண்டார்கள். செட்யூஸ் போன கதை இதுதான். புதிய பிள்ளைகள் ஏமாற்றமடைந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை பாக்கி இருக்கிறது. செல்வராசு வருவாரா என்பதே எனக்குச் சந்தேகம். வந்தார். அதே மேசை. இம்முறை பரோட்டா இல்லை. மறுநாள் காலை பேப்பர் போடுவதற்காக எழுதிய கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். எனக்கு எடுத்துக் காட்டினார். கையெழுத்துகூடப் போட்டாகிவிட்டது.

தாளை விரித்து, ஏற்ற இறக்கத்தோடு தொடங்கினார். அம்மாவின் உடம்பு வந்ததும் சிரித்தார். "அண்ணே, ரவி அண்ணன் போன்ல பேசினத அப்படியே எழுதிட்டீங்க! நான் கண்டுபிடிச்சிட்டேன்." அவர் சொன்னது உண்மை. அந்த வரிகள் எல்லாம் அவர் கைப்பேசியிலிருந்து வந்தவைதான். அவை அவரிடம் எதையும் நிரூபிக்கப் போவதில்லை. அவர் உற்சாகமாகப் படித்துக்கொண்டே போனார். விட்டுருப்பா. வச்சிருக்கேன். ஃபைல் நகரும். ரவியின் குரலையே போலி செய்து காட்டினார்.

'கண்ணு பட்டுடும்' வரியில் குரல் நின்றது. திரும்பவும் அதை மனத்துக்குள் படித்தார். உதடு மட்டும் அசைந்தது.

"இது அன்னிக்குப் போன்ல வரலையே."

"இல்ல."

"இது எனக்கு மட்டும்தான சொன்னாரு. தனியா." என்னை நிமிர்ந்து பார்த்தார். "கண்ணு பட்டுடும்னு நான் என் தங்கச்சிகிட்டகூடச் சொல்லல. உங்களுக்கு யாரு அண்ணே சொன்னா?"

"உங்க யார்டு ஆளு ஒருத்தர்தான். ரொம்ப வருசம் முன்னாடி அவர்கிட்டயும் ஒருத்தன் இதையேதான் சொல்லியிருக்கான்."

"யாரு?"

"அவரும் யார்கிட்டயும் சொல்லலயே தம்பி, அதான் உங்களுக்குத் தெரியல. பெருமாள்."

வரைவுத் தாள்கள் வெளியே போகக் கூடாது என்பது மிஸஸ் கோவின் சட்டம். செல்வராசு தாளை மடித்தபோது நான் சட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. கடிதம் இருந்த அதே பையில், கடிதத்தோடு சேர்த்தே வைத்துக்கொண்டார். "டீக்கு நன்றி அண்ணே" என்று சொல்லிவிட்டு, கூட்டத்துக்குள் போனார். மறுநாள் அந்தப் பையிலிருந்து எந்தத் தாளை எடுத்தார் என்பது எனக்குத் தெரியாது. அவருடைய எண்ணை நான் வாங்கவில்லை. சோதனை வாசகர்களின் எண்ணை வாங்கக் கூடாது என்பதும் சட்டம். அதை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறேன்.

வசந்தியின் படம் வந்த பிறகு இரண்டு விவரங்களைச் சரிபார்க்க முயன்றேன். முதலாவது, மிஸஸ் கோவின் கணவருக்குக் கிளமெண்டியில் என்ன வேலை இருந்தது என்பது. தொலைபேசியில் அவரையே கேட்டேன். "முக்கியமான வேலை" என்றார். பின்னாலிருந்து மிஸஸ் கோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

இரண்டாவதற்காகத் தேக்காவில் மூன்று ஞாயிறுகள் அலைந்து பெருமாளைக் கண்டுபிடித்தேன். தலை நரைத்துவிட்டது. அந்தப் பட்டறையை விட்டு வேறிடம் போய்விட்டாராம். செல்வராசு, சாரம் கட்டுபவர், அறந்தாங்கிப் பக்கம் என்று அடையாளம் சொன்னேன். யோசித்தார். "நான் அந்த வாரமே யார்டு மாறிட்டேன் அண்ணே, அவன அப்புறம் பாக்கல, அந்தப் பேர்ல அங்க நாலஞ்சு பேரு. ஆனா அங்க ஒரு செல்வராசு இப்ப ஃபோர்மேன் ஆயிட்டான்னு கேள்விப்பட்டேன். புதுசா வர்ற பசங்ககிட்ட, 'கண்ணு பட்டாப் படட்டும், எல்லார்கிட்டயும் சொல்லுங்கடா'ன்னு கத்துவானாம்." அது எங்கள் செல்வராசுதானா என்பதை இதுவரை என்னால் சரிபார்க்க முடியவில்லை.